மேலச்சுவர்

எங்கள் வீட்டு உள்ளறையில் மூன்று சுவர்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். ஒன்றுக்கு அந்தப் பக்கம் அடுப்பங்கரை, இன்னொன்றுக்கு அந்தப் பக்கம் நெல் குதில். மூன்றாவதில் தெருவைப் பார்த்த பட்டாசாலைக்குப் போகிற வாசல். நாலாவதுதான் மேலச்சுவர். அதற்கு அந்தப் பக்கம் தேவமணி அத்தை வீட்டு வளவு. கிணறும் வாழையும் அங்கேதான். ஆனி ஆடியில் மலைப் பக்கமிருந்து வருகிற மேல்காற்று முழுவதும் அந்த வளவில்தான் வந்து விழும். வாழை இலை கிழிகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். காற்று வராது. அந்தச் சுவரில் ஊசி நுழைகிற ஓட்டைகூடக் கிடையாது.

தாத்தா இருந்தவரை இரண்டும் ஒரே வீடு. வண்ணார்பேட்டையில் ஆற்றுக்குப் போகிற சந்தில் அதுதான் பெரிய வீடு. தாத்தா பாதியை மகளுக்கு எழுதிவைத்தார். கிணறு அந்தப் பாதியில் போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் கிணறு வற்றியபோது யார் முதலில் இறைப்பது என்று அப்பாவுக்கும் அத்தை புருஷன் எலியேசர் மாமாவுக்கும் வார்த்தை முற்றி, மாமா எங்கள் பானையைத் தூக்கி எறிந்தார். அன்றைக்கு நின்ற பேச்சு. மாமா இறந்தபோதுகூட அப்பா கல்லறைத் தோட்டம்வரை போய்விட்டு அங்கிருந்தே திரும்பி வந்தார். அத்தை வாசலை மிதிக்கவில்லை. நாங்கள் ஆற்றிலிருந்துதான் தண்ணீர் சுமந்தோம்.

அந்தச் சண்டை வரும்வரை இன்பமணி அக்கா, அத்தை மகன் கிருபைராஜுக்கு என்றுதான் எல்லாரும் பேசினார்கள். அக்கா பிறந்த அன்று அத்தைதான் அவள் நாக்கில் சீனி தொட்டுவைத்து, “எம் மருமவ” என்றாளாம். அத்தை மகன் ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டு ஆபீசில் கிளார்க்காக இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார். வந்ததும் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, “அம்மா, பசிக்கி” என்பார். அந்த நேரத்துக்கு அக்கா எந்த வேலையாக இருந்தாலும் உள்ளறைக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து நிற்பாள். எதற்கு நிற்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நிற்பதை விட்டுவிடுவாளோ என்று இருந்தது.

தை மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் உடம்பு சுடும். விடியும்போது சேலை நனைந்திருக்கும். பங்குனியில் இருமலில் ரத்தம் வந்தது. அப்பா கூண்டு வண்டி பிடித்து, திரைச்சீலை போட்டு, அவளை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து அக்காவைப் படுக்கவைத்த பிறகு அடுப்படியில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார். நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன்.

“சயரோகம்தான்ங்கா டாக்டரம்மா.”

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

“மருந்து குடுத்திருக்கா. ஆனா மருந்து பாதி, காத்து பாதியாம். ராவும் பகலும் நல்ல காத்து மேல படணுமாம். இருட்டறையில போட்டா நிக்காதுங்கா.”

“உள்ளறையில காத்துக்கு எங்க போவ?”

“சன்னல் வைக்கச் சொல்லுதா.”

“எந்தச் சுவர்ல?”

மேலச்சுவரில் சன்னல் திறந்தால் அது அத்தை வளவைப் பார்த்துத் திறக்கும். அடுத்தவர் வளவைப் பார்த்துச் சன்னல் வைப்பதென்றால் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

“அப்பம் பட்டாசாலையில படுக்கப் போட்டா என்ன?” என்றாள் அம்மா.

“போடு. தெரு முச்சூடும் வந்து பாத்துட்டுப் போவட்டும். பெரியவளுக்குச் சயம்னு தெரிஞ்ச பொறவு சின்னவள எவன் வீட்டுல கேப்பான், தங்கத்தாய்?”

சின்னவள் நான்தான். சலித்த மாவை மறுபடியும் சலித்தேன். அக்காவை அந்த இருட்டில் வைப்பது எனக்காக என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா மேலப்பாளையத்திலிருந்து தாவூது கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் உள்ளறையில் நின்று அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். மேலே கட்டியிருந்த பனங்கையில் குத்தூசியால் குத்தினார். கறையான் மண் பொலபொலவென்று அவர் தாடியில் கொட்டியது.

“வாத்தியாரய்யா, உள்ளறைய ரெண்டு காரியத்துக்குத்தான் பிரிப்பாவ. ஒண்ணு கல்யாணம். இல்ல, புதையல். நமக்கு எது?”

அப்பா சிரித்துவைத்தார். “புதையல் எல்லாம் இல்ல வே.”

அவ்வளவுதான் சொன்னார். பொய் என்று எதுவும் சொல்லவில்லை. கூட வந்திருந்த சித்தாள் செல்லக்கிளி என்னை ஒரு பார்வை, அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சும்மாட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலமே தெரு முழுவதும் வாத்தியார் வீட்டில் கல்யாணம் என்று ஆகிவிட்டது.

“சன்னல் உண்டா?” என்று கொத்தனார் கேட்டார்.

“அத கடைசியில பாப்போம். மொதல்ல மத்த வேலைய எடும்.”

மற்ற வேலைக்கு முடிவே இல்லை. பனங்கைகளைப் பிரித்து மாற்ற வேண்டியிருந்தது. பழைய காரையைக் கொத்தினால் உள்ளே மண் உதிர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து சிப்பிச் சுண்ணாம்பு வண்டியில் வந்தது. அதைப் புறவாசலில் குழி வெட்டி நீற்றியபோது இரண்டு நாள் கொதித்தது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் புளித்து வீடெல்லாம் கள்ளுக்கடை மாதிரி மணத்தது. உபதேசியார் ஒருநாள் வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். கொத்தனார் இரண்டு நாள் வந்தால் நாலு நாள் வரமாட்டார். கேட்டால், “ஈரம் காயணும்லா” என்பார். அப்பா அவரை விரட்டவே இல்லை. ஒரு வேலை முடிகிறமாதிரி இருந்தால், “தரையையும் பேத்துருவோம் வே” என்பார். தரை முடிகிறமாதிரி இருந்தால், “அந்த மாடக்குழி கோணையா இருக்கு” என்பார். சன்னல் பேச்சு வரும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும்.

வேலை நடக்கும்போது அக்கா அடுப்பங்கரையில் பாயில் கிடப்பாள். ராத்திரி மறுபடி உள்ளறைக்கு. ஈரச் சுண்ணாம்பு வாடையில் அவளுக்கு இருமல் கூடியது. பகலில் இருமல் வந்தால் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு கண் பிதுங்கக் கிடப்பாள். தளம் அடித்த நாட்களில்தான் பாடு இல்லை. செல்லக்கிளியும் இன்னும் நாலைந்து பெண்களும் வரிசையாகக் குந்தி, கட்டையால் தரையைத் தட்டிக்கொண்டே பாடுவார்கள். மாமன் வாரான், மல்லியப்பூ கொண்டு வாரான் என்று அவர்களே கட்டின பாட்டு. கட்டைச் சத்தம் எழும்பும்போது அம்மா ஓடிவந்து, “இப்பம் இருமு, மக்களே, இப்பம் இருமு” என்று அக்கா முதுகைத் தடவுவாள். பாட்டு நின்றால் அக்காவும் நிறுத்திக்கொள்வாள்.

கடைசிப் பூச்சுக்கு முட்டை வேண்டும். வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போடு அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்தால் சுவர் கண்ணாடி மாதிரி வரும். உள்ளறைக்கு முட்டைப் பூச்சு எதற்கு என்று அம்மா கேட்டதற்கு அப்பா, “இருக்கட்டும்” என்றார். மஞ்சள்கரு அக்காவுக்கு ஆகும் என்பது பிறகுதான் விளங்கியது. தினமும் காலையில் மஞ்சள்கருவைப் பாலில் அடித்துக் கொடுத்தோம்.

“ஏட்டி, சின்னப் பாப்பா,” என்று செல்லக்கிளி என்னைக் கேட்டாள். “இம்புட்டு முட்டை உடைக்கோம். கருவெல்லாம் எங்க போவுது?”

“அக்கா குடிக்கா.”

“குடிக்கட்டும், குடிக்கட்டும். மாப்பிள்ளைக்குப் பொண்ணு ஒல்லின்னு பேரு வந்துரக் கூடாதுல்லா. ஏ மூத்த பாப்பா, மாப்பிள்ளை எந்தூரு? எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

“ஒங்கிட்டச் சொன்னா திருச்செந்தூர் வரைக்கும் போயிரும் செல்லக்கிளி,” என்றார் கொத்தனார் சாரத்தின் மேலிருந்து.

“போவட்டுமே. நல்ல சேதிதான. சொல்லு பாப்பா, தூரமா?”

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

“இல்ல. பக்கத்துலதான்,” என்றாள்.



அதற்குப் பிறகு அவளும் அப்பாவைப்போல ஆகிவிட்டாள். “கொத்தனாரண்ணே, அந்த மூலையில ஒரு கொடி கெட்டுதாப்புல கொக்கி வைங்க. வேட்டி போடணும்லா” என்பாள். “தலைமாடு கெழக்க வைக்கவா, தெக்க வைக்கவா?” என்பாள். ராத்திரி நாங்கள் இரண்டுபேரும் படுத்திருக்கும்போது, புதுத் தளத்தைக் கையால் தடவிக்கொண்டே, “இந்த இடத்துல ஒரு பெட்டி வைக்கணும் சாலோமி. தேக்குல. பூட்டு பித்தளையில” என்பாள். என்னை அவளோடு படுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா தூங்கினதும் நான் வந்துவிடுவேன். பயமாகத்தான் இருந்தது, எனக்கும் வந்துவிடுமோ என்று. தனியாகப் படுத்தால் இன்னும் பயமாக இருந்தது.

சுண்ணாம்புக் குழிக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆற்றுக்கு நடந்து அலுத்துப்போன செல்லக்கிளி ஒருநாள் எங்களைக் கேட்காமலே அத்தை வீட்டுக் கிணற்றில் போய் இறைத்துவந்தாள். அப்பா பார்த்தும் பார்க்காததுமாக இருந்துவிட்டார். அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செல்லக்கிளி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டா நிற்பாள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வந்து சேர்ந்ததும் அத்தை எங்கள் வாசலில் நின்றாள். வெள்ளைச் சேலை. கையில் வேதப்புத்தகம். வெயிலில் நடந்து வந்த வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

“ஏலே வேதமுத்து.”

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “வாக்கா. உள்ள வா.”

“நீ எங்க கூப்பிட்ட? நானா வந்தேன். தங்கத்தாய், தண்ணி எடுக்காண்டாம். நான் உக்காரவும் வரல. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருதேன். மாப்பிள்ளை எந்தூரு?”

“என்ன மாப்பிள்ளை?”

“எங்கிட்டயே கேளு. உள்ளறையப் பிரிச்சு, முட்டைச் சுண்ணாம்பு பூசி, தளம் அடிச்சு… சித்தாளுக்குத் தெரியுது. கோயில்ல உபதேசியார் பொண்டாட்டி எம் பக்கத்துல வந்து உக்காந்து, ‘மருமவள வெளிய விட்டுட்டியளே’ன்னு கேக்கா. பாட்டுப் புஸ்தகத்த எந்தப் பக்கம் தெறக்கன்னு எனக்குத் தெரியல. தண்ணிக்குச் சண்டை போட்டோம். சரி. பொண்ணுக்குமா லே போட்டோம்? எம் புருசன் ஒம் பானைய ஒடைச்சாரு. நான் ஒம் மவள வேண்டாம்னு என்னைக்குச் சொன்னேன்?”

“அக்கா, அது அப்படி இல்ல…”

“பின்ன எப்படி? எம் மவன் சம்பளம் வாங்குதான். கண்ணு காலு நல்லா இருக்கு. வேற எடத்துல குடுக்கணும்னா மொதல்ல எங்கிட்ட வந்து கேக்கணும்லா? நான் ‘போ’ன்னு சொன்ன பொறவுல்லா அடுத்த வாசலுக்குப் போவணும்? அத்தை உசிரோட இருக்கும்போது அவ வாசலத் தாண்டி எப்படி லே பொண்ண அனுப்புவ?”

அக்கா அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை நெருப்பாகச் சுட்டது. சுவரில் சாய்ந்து சாய்ந்து அவள் கேட்க நினைத்தது இதைத்தான். இப்போது வாசலில் வந்து நிற்கிறது, சண்டையாக.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மதினி, வேற எடம் எதுவும் நாங்க பாக்கல. சத்தியமா இல்ல. நீங்க வாய் தெறந்து கேட்டா நாங்க வேண்டாம்னா சொல்லப் போறோம்? இவளும் அங்கயே நெனைச்சுக்கிட்டு…”

“அப்பம் இந்த அறை?”

“அறை… அவங்க ரெண்டு பேரும் வந்து போவ இருக்கட்டும்னுதான்…”

அம்மா சொல்லிக்கொண்டே போனாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், தடுக்கவில்லை. அத்தை முகம் இளகிவிட்டது. வேதப்புத்தகத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு உட்காரப் போனாள்.

அக்கா என் கையை விட்டாள். வெளியே போனாள்.

“அத்தை, உள்ள வாங்க. அறையப் பாருங்க.”

அத்தை அவளை நாலு வருஷத்துக்குப் பிறகு பக்கத்தில் பார்த்தாள். “என்னட்டி, இப்படி ஆயிட்ட?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். நானும் போனேன். உள்ளே இருட்டு. மாடக்குழியில் விளக்கு மட்டும். தேய்த்த சுவரில் எங்கள் மூன்று பேர் நிழலும் வழுக்கின.

“நல்லாத்தான் பூசியிருக்கான்,” என்றாள் அத்தை.

“இது எனக்குத்தான் அத்தை. கல்யாணத்துக்கு இல்ல.”

“பின்ன?”

“கெடக்கதுக்கு.”

அக்கா அன்று இருமலை அடக்கவில்லை. வந்தமட்டும் விட்டாள். பிறகு வாயிலிருந்து எடுத்த துணியை மறைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அத்தை பின்னால் போனாள், சுவர் முட்டுகிறவரை. முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். முதல்நாள் நானும் அப்படித்தான் பொத்திக்கொண்டேன்.



“எப்பம் இருந்து?” என்றாள் அத்தை, துணிக்குள்ளிருந்து.

“தையில இருந்து.”

“டாக்டர் என்ன சொல்லுதா?”

“காத்து வேணுங்கா.”

அத்தை நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “இதுல எங்கன இருந்து காத்து வரும்?”

“இந்தச் சுவர்ல இருந்துதான் வரணும். அந்தப் பக்கம் ஒங்க வளவு. அப்பாவுக்கு ஒங்ககிட்ட வந்து கேக்க வரல.”

முந்தானை வாயிலிருந்து இறங்கியது. அத்தை வெளியே வந்தாள். அப்பா முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

“ஏலே, நீயெல்லாம் வாத்தியாராலே? பிள்ளைக்கு மூச்சு முட்டுது. நீ முட்டைய ஒடைச்சு வழுவழுன்னு ஒரு கல்லறை கெட்டிக்கிட்டிருக்க.”

அப்பா அழுதார். நான் பார்த்ததில்லை, அப்பா அழுது.

“அழாத. நாளைக்குக் கொத்தன வரச்சொல்லு. எம் பக்கம் நின்னு ஒடைக்கட்டும்.”

வேதப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு படி இறங்கினவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“ஏட்டி, ஒனக்கு எத்தனை வயசாவுது?”

“பதினஞ்சு அத்தை.”

“ம்.”

அந்த ‘ம்’ அன்று முழுவதும் என் கூடவே இருந்தது.

கொத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை. அத்தை வளவில் கடப்பாரையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்று புலம்பினார். “அல்லாவே, மூணு மாசமா தேச்சிருக்கேன். இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? பூசின சுவரப் பொத்தலாக்கச் சொல்லுதீயளே.”

“புதுப்பொண்ணு படுக்க அறைக்குக் காத்து வேண்டாமா?” என்றாள் அத்தை, செல்லக்கிளி காதில் விழுகிறமாதிரி. “பேசாம இடியும் வே.”

செல்லக்கிளி கையைத் தட்டினாள். “பக்கத்துலதான்னு பாப்பா சொன்னது இதுதானா! எனக்கு அப்பமே தெரியும்.”

அத்தை அவள் பக்கம் திரும்பவில்லை. அரிவாளை எடுத்துச் சுவருக்கு எதிரே நின்ற வாழைகளை வெட்டத் தொடங்கினாள். குலை தள்ளப்போகிற வாழைகள். காற்றை மறைக்கும் என்று வெட்டினாள். அப்பா இடிந்த செங்கல்லைக் கூடையில் அள்ளி அத்தை வளவின் ஓரத்தில் போய்க் கொட்டினார். அவர் மூன்றாவது கூடை கொட்டும்போது அத்தை கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் மொண்டு நீட்டினாள். அவர் நின்றபடியே குடித்தார்.

நான் உள்ளே அக்காவோடு இருந்தேன். சுவரில் முதலில் ஒரு புள்ளி வெளிச்சம். பிறகு ஒரு கடப்பாரை முனை. பிறகு ஒரு செங்கல் உள்ளே விழுந்தது. விழுந்த வழியே காற்று வந்தது. ஆனி மாதச் சாரலோடு வெட்டின வாழையின் வாடையும் பச்சை மண் வாடையும் சேர்ந்து வந்தது. விளக்கு அணைந்துவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்துவைத்துக்கொண்டாள், சின்னப்பிள்ளைகள் மழையைக் குடிக்கிறமாதிரி. அன்றைக்குச் சிறுகீரைக் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா அடுப்படியில் போய் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள்.

சன்னலுக்கு மரக்கதவு இன்னும் வரவில்லை. தச்சன் நாளைக்கு நாளைக்கு என்கிறான். பனந்தட்டியை மழைக்கு மட்டும் சாய்த்துவைக்கிறோம். அத்தை தினமும் காலையில் அந்தப் பக்கம் வந்து நிற்பாள். கொஞ்சம் தள்ளித்தான் நிற்பாள். ஒரு குவளை பசும்பாலைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு, “குவளைய நீயே வச்சுக்கோ. திருப்பித் தராண்டாம்” என்பாள்.

ஒருநாள் அக்கா தூங்குகிறாள் என்று நினைத்து அத்தை சன்னல்வழியே அம்மாவிடம் பேசினாள்.

“தங்கத்தாய், பெரியவ காரியம் கர்த்தர் சித்தம். நம்ம கையில இல்ல. எம் மவனுக்கும் வயசாயிட்டே போவுது. சின்னவளுக்கு வெளிய எங்கயும் வார்த்தை குடுத்துராத. விசயம் நம்ம ரெண்டு வீட்டுக்குள்ளயே கெடக்கும்.”

அம்மா சன்னல் கம்பிக்காக விட்டிருந்த துளையில் விரலை விட்டுக்கொண்டு நின்றாள். “மதினி…” என்று மட்டும் சொன்னாள். அவள் நெஞ்சிலிருந்து பெரிதாக ஒரு மூச்சு வந்தது. என்ன மூச்சு என்று எனக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளையாவது கரையேறிவிடும் என்கிற மூச்சு.

அக்கா தூங்கவில்லை. அம்மா போனதும் கண்ணைத் திறந்தாள்.

“கேட்டியா சாலோமி?”

“எனக்குக் கேக்கல.”

“பொய் சொல்லாத. சரின்னு சொல்லிரு.”

“மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு.”

“அவருக்கு என்ன பயம்? ஈயக்கூட அடிக்கமாட்டாரு. பசிச்சா மட்டும்தான் சத்தம். அவருக்குத் தேங்காப்பால் கஞ்சி பிடிக்கும். கருப்பட்டி கூடப் போடணும். நான் ஒனக்குச் சொல்லித் தாரேன்.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “நீ அங்கன கிணத்தடியில நிப்ப. நான் இங்கன படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பேன்ல.”

நான் அவள் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். என்ன சொல்ல முடியும்? அவள் ஆசைப்பட்டதை எடுத்து என் கையில் கொடுக்கிறாள். வாங்கினாலும் பாவம், உதறினாலும் பாவம்.

இன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் அவர் வந்தார். அத்தை அவரைச் சன்னலுக்குக் கூட்டிவந்தாள். அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்து, என்னைக் கெஞ்சிப் பின்னல் போடச் சொல்லியிருந்தாள். பின்னும்போது முடி கொத்தாகக் கையோடு வந்தது. அதை நான் மடியில் மறைத்துக்கொண்டேன்.

அவர் கையில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உடைந்த செங்கல் விளிம்பையே பார்த்தார்.

“காத்து வருதா, இன்பம்?” என்றார்.

“வருது மச்சான்.”

நாலு வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. அத்தைதான் தொண்டையைச் செருமினாள்.

“சாலோமி, ஏட்டி, முன்னால வா. இவன் நாளைக்கு ராத்திரி போயிருவான். ஒங்கப்பன்கிட்டப் பேசுததுக்கு முன்னால ஒன் வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். அப்புறம் இழுத்துவிட்டோம்னு பேரு வேண்டாம்.”

அக்கா என்னைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினாள். அவள் கையில் பலமே இல்லை. அந்தத் தள்ளலில் நான் ஒரு அடிகூட நகர்ந்திருக்கமாட்டேன். நானாகத்தான் போனேன்.

“மூத்தவ இருக்கும்போது எளையவளுக்கு எப்படி அத்தை?” என்றேன். “மொதல்ல அக்காவுக்கு முடியட்டும்.”

அத்தை வாயைத் திறந்தாள். மூடினாள். மூத்தவளை வைத்துக்கொண்டு இளையவளைக் கட்டிக்கொடுக்கிற வழக்கம் எங்கள் சனத்தில் கிடையாது. அத்தை வீட்டில் கேட்காமல் பெண்ணை வெளியே கொடுக்கிற வழக்கம் எப்படிக் கிடையாதோ அப்படித்தான் இதுவும். அதற்காக அவளே வாசலில் நின்று சத்தம் போட்டவள். இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டுமானால், உன் அக்காவுக்கு இனி முடியாது என்று அக்கா முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவளால் சொல்ல முடியவில்லை.

அவர்தான் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

“அவ சொல்லுதது சரிதானம்மா,” என்றார். “மொதல்ல இவளுக்கு நல்லாவட்டும்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை கொஞ்சநேரம் வெட்டின வாழைத் தூர்களுக்கு நடுவில் நின்றாள். பிறகு அவளும் போனாள்.

அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏட்டி, அத்தை வாய நல்லாக் கெட்டிப்போட்ட!” என்றாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அம்மா ஓடிவந்து, அப்பா ஓடிவந்து, விளக்கு வைத்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் அடங்கியது. துணி முழுவதும் நனைந்துவிட்டது.

இப்போது எல்லாரும் படுத்துவிட்டார்கள். நான் பைய எழுந்து அவள் பக்கத்தில் வந்து படுத்திருக்கிறேன். வந்தது தெரிந்ததும் அவள் என்னை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டுச் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், மூச்சு என்மேல் படக் கூடாது என்று. முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. காற்று நன்றாக வருகிறது. குளிர்கிறது.

நான் சொன்ன பதில் அவள் இருக்கிறமட்டும்தான் செல்லும். அத்தைக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். சிரித்தாளே, அவளுக்கும் தெரியும். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே வெட்டாமல் மிஞ்சின வாழைகளின் இலை அடித்துக்கொள்கிற சத்தத்தில் அவள் மூச்சு அடிக்கடி அமுங்கிப்போகிறது. அப்போதெல்லாம் அவள் முதுகில் கையை வைத்துப் பார்க்கிறேன்.